விலை கேட்கப்படாதவர்கள்

(சிறுதொழில் முனைவோரும் வணிகவியல் மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகம் செய்த நண்பர் ‘கொள்முதல் துறை வல்லுநர்’ என்று சொன்னார். அது பெரிய வார்த்தை. முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலையில் பர்ச்சேஸ் பார்த்தவன் நான், அவ்வளவுதான். பர்ச்சேஸ்காரனை யாரும் மேடையில் ஏற்றுவதில்லை. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பார்கள். ரிட்டயர் ஆன மறுவருஷம் அதுவும் வராது.

என் மேஜை இழுப்பறையில் ஒரு நீள ரிஜிஸ்டர் இருந்தது. வெண்டர் லிஸ்ட். போல்ட்டு நட்டுக்கு யார், வார்ப்புக்கு யார், புஷ்ஷுக்கு யார், அட்டைப்பெட்டிக்கு யார் என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதே பெயர்கள் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. ஒரு பொருள் வேண்டுமென்றால் மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும் என்பது விதி. கேட்போம். அந்த மூன்று கொட்டேஷனும் எப்படி வரும் என்று இந்த அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். (சிரிப்பு) ஒருவரே மூன்று லெட்டர்பேடில் அடித்து, ஒரே கவரில் வைத்துக் கொடுத்துவிடுவார். மாமன் பெயரில் ஒன்று, மைத்துனன் பெயரில் ஒன்று, தன் பெயரில் ஒன்று. தன் பெயரில் உள்ளதில் மட்டும் விலை குறைவாக இருக்கும். ஆடிட்டருக்குத் திருப்தி. ஃபைலில் பார்த்தால் போட்டி நடந்திருக்கிறது.

அந்த நாட்களில் எங்கள் கேட்டுக்கு ஒருவர் வருவார். லேத் பட்டறை வைத்திருந்தவர், ஐம்பது வயதிருக்கும். வருஷம் ஒருமுறை வெண்டர் பதிவு விண்ணப்பத்தை நிரப்பிக் கொண்டுவந்து செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: ‘கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்தப் பெரிய நிறுவனங்களுக்குப் பொருள் வழங்கியிருக்கிறீர்கள்?’ அவர் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டிருப்பார். கோடு போட்ட விண்ணப்பத்தை நான் கீழ் இழுப்பறையில் போடுவேன். அவரிடம் விரோதம் ஒன்றும் இல்லை. அவர் வேலை நன்றாயிருக்குமா இருக்காதா என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் கேட்கவில்லை. கேட்காததால் தெரியவில்லை. ஆறு வருஷம் இப்படிப் போயிற்று.

இன்று நான் பேச வந்தது அந்தக் கோட்டைப் பற்றி. ஏலத்தில் தோற்றவன் கதை எல்லோருக்கும் தெரியும். ஏலம் நடக்கிறது என்றே தெரியாதவன் கதையை யாரும் எழுதி வைப்பதில்லை. அந்த ஆளைத் தேடிப் பிடித்து விலை கேட்பதற்கென்றே ஒரு தேசத்துக் கம்பெனிகள் தனித் துறை வைத்தன. அமெரிக்காவில் அதற்கு ‘சப்ளையர் டைவர்சிட்டி’ என்று பெயர். கறுப்பினத்தவர், ஸ்பானிய வழியினர், பூர்வகுடிகள், ஆசிய வழியினர், பெண்கள் என இதுவரை பட்டியலுக்கு வெளியே நின்றவர்களிடமும் வாங்குவது, எவ்வளவு வாங்கினோம் என்று வருஷா வருஷம் கணக்குச் சொல்வது என்ற ஏற்பாடு அது. அறுபது வருஷத்தை நெருங்கும் கதை. நல்லதும் கெட்டதுமாக நிறைய நடந்திருக்கிறது. இப்போது அது பட்டுப்போகிற நிலையில் இருக்கிறது.

கதை தொடங்குவது நெருப்பில். 1967 ஜூலையில் டெட்ராய்ட் நகரத்தில் அனுமதியில்லாத ஒரு மதுக்கூடத்தில் போலீஸ் புகுந்தது. ஐந்து நாள் கலவரம். 43 பேர் செத்தார்கள், 7,000 பேருக்கு மேல் கைதானார்கள். அந்த ஊர் ஜெனரல் மோட்டார்ஸின் தலைமையகம். ஒரு காருக்குள் ஆயிரக்கணக்கான உதிரிப் பாகங்கள். அவற்றைச் செய்து தரும் சின்னப் பட்டறைகள் ஊரைச் சுற்றி நூற்றுக்கணக்கில். கறுப்பினத் தொழிலாளி காரை மாட்டுகிற இடத்தில் இருந்தான். பாகத்தைச் செய்து விற்கிற முதலாளிகள் வரிசையில் அவனைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மறுவருஷம், 1968-இல், ஜெனரல் மோட்டார்ஸ் சிறுபான்மையினரிடம் வாங்குவதற்கென்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 1969 மார்ச்சில் அதிபர் நிக்ஸன் சிறுபான்மையினர் தொழில்களுக்காக ஓர் அரசு அலுவலகத்தை ஆணையிட்டு அமைத்தார். நிக்ஸன் குடியரசுக் கட்சிக்காரர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். வேலை கொடுத்தால் போதாது, சொத்தும் தொழிலும் கையில் இருந்தால்தான் ஒருவன் தன் தெருவைக் கொளுத்த மாட்டான் என்பது அவருடைய கணக்கு. கருணையும் இருந்திருக்கலாம். பயம் நிச்சயமாக இருந்தது.

1972-இல் பெரிய கம்பெனிகள் சேர்ந்து ஒரு தேசியக் கழகத்தை உருவாக்கின. இன்றும் இருக்கிறது. அதன் வேலை சான்றிதழ் கொடுப்பது. தொழிலில் 51 விழுக்காடு பங்கு சிறுபான்மையினர் கையில் இருக்க வேண்டும்; நிர்வாகமும் அவர்களிடமே இருக்க வேண்டும். ஆவணத்தோடு விடுவதில்லை, பட்டறைக்கே வந்து பார்ப்பார்கள். செக்கில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள், விலையை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்பார்கள். 1978-இல் ஒரு மைய அரசுச் சட்டம் வந்தது. அரசிடம் பெரிய ஒப்பந்தம் எடுக்கிற கம்பெனி, அதில் எவ்வளவைச் சிறு தொழில்களுக்கும் பின்தங்கியவர்கள் நடத்தும் தொழில்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்போகிறது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். விமானம் செய்கிறவன், கப்பல் கட்டுகிறவன் எல்லாரும் அன்றுதான் தங்கள் வெண்டர் லிஸ்டை எடுத்துத் தூசி தட்டினார்கள்.

பெண்கள் கதை இன்னும் தாமதம். 1988 வரை சில மாநிலங்களில் ஒரு பெண் தொழிலுக்குக் கடன் கேட்டால், வீட்டு ஆண் ஒருவர் கூடக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வருஷம் ஒரு சட்டம் அதை ஒழித்தது. அரசுக் கொள்முதலில் 5 விழுக்காடு பெண்களிடம் என்று 1994-இல் இலக்கு வைத்தார்கள். அந்த ஐந்தை முதல்முறையாகத் தொட்டது 2015-இல். ஐந்துக்கு இருபத்தோரு வருஷம்! பெண் தொழில்முனைவோர் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ‘அமெரிக்காவிலேயேவா?’ என்று நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது தெரிகிறது.

சட்டமும் சான்றிதழும் இருக்கட்டும். இது உண்மையில் நடந்த ஓர் ஊருக்குப் போவோம். அட்லாண்டா.

1973-இல் அந்த ஊருக்கு முதல் கறுப்பின மேயராக மேனார்ட் ஜாக்சன் தேர்வானார். 35 வயது. ஊரில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பினத்தவர். ஆனால் நகராட்சி கொடுத்த ஒப்பந்தங்களில் சிறுபான்மையினருக்குப் போனது 1 விழுக்காடுகூட இல்லை. அப்போதுதான் பிரம்மாண்டமான புது விமான நிலையம் கட்டும் வேலை வருகிறது. ஜாக்சன் சொன்னார்: வேலையில் 25 விழுக்காடு சிறுபான்மையினருக்குப் போக வேண்டும். விமானக் கம்பெனிகள் எதிர்த்தன, வியாபாரச் சங்கங்கள் எதிர்த்தன, பத்திரிகைகள் எழுதின. செலவு ஏறும், தாமதமாகும், தரம் கெடும் என்றார்கள். இந்த மூன்று வாதமும் எந்த நாட்டிலும் மாறுவதில்லை. இழுபறி நீண்டது. ஓடுபாதையில் புல் முளைத்தாலும் பரவாயில்லை, கொடுக்காமல் கட்ட விடமாட்டேன் என்ற தோரணையில் அவர் நின்றார். நகராட்சிப் பணத்தை வைத்திருந்த வங்கிகளிடமும் அதே பேச்சு: உங்கள் இயக்குநர் குழுவில் கறுப்பினத்தவரும் பெண்களும் எங்கே?

அவர் பிடிவாதத்தைவிட எனக்குப் பிடித்தது அவர் கையாண்ட வழி. கறுப்பின ஒப்பந்ததாரரிடம் தனியாக அத்தனை பெரிய வேலையைக் கொடுக்க முடியாது. பெரிய வேலைக்கு உத்தரவாதப் பத்திரம் வேண்டும், நம் ஊர் பேங்க் கேரண்டி மாதிரி. முன்பு பெரிய வேலை செய்தவனுக்குத்தான் அது கிடைக்கும். முன்பு வேலை கொடுக்காதவர்களே ‘முன்பு செய்திருக்கிறாயா?’ என்று கேட்பார்கள். என் படிவத்துக் கோடேதான்! ஜாக்சன் என்ன செய்தார்? பெரிய வெள்ளைக் கம்பெனியும் சின்னக் கறுப்பினக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து டெண்டர் போடச் சொன்னார். பெரியவன் பெயரில் உத்தரவாதம் கிடைக்கும். சின்னவன் வேலை செய்வான், கற்பான், அடுத்த படிவத்தில் கோடு போட வேண்டியிருக்காது.

1980 செப்டம்பரில் முனையம் திறந்தது. குறித்த காலத்தில், போட்ட மதிப்பீட்டுக்குள் முடிந்தது என்பதுதான் அந்த ஊர் இன்றும் பெருமையாகச் சொல்லும் செய்தி. செலவு ஏறவில்லை, தாமதமும் இல்லை. ஜாக்சன் 2003-இல் இறந்த பிறகு விமான நிலையத்தின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்தார்கள்.

இதை முழுக்கச் சர்க்கரைப் பொங்கலாக உங்களுக்குப் பரிமாறக் கூடாது. பலன் ஊரில் எல்லாருக்கும் சமமாகப் போகவில்லை. சில குடும்பங்கள் பெரும் பணக்காரர்கள் ஆயின, சேரிகள் சேரிகளாகவே இருந்தன என்ற விமர்சனம் உண்டு. 1990-களில் அதே விமான நிலையக் கடை ஒப்பந்தங்களில் லஞ்ச வழக்கு வந்து முன்னாள் அதிகாரி ஒருவர் தண்டனை பெற்றார். கதவைத் திறந்தால் காற்றும் வரும், கொசுவும் வரும். கொசுவுக்குப் பயந்து கதவைச் சாத்தியவர்கள் உள்ளே எப்படி இருந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா?

இரண்டாவது ஊர் ரிச்மண்ட், வர்ஜீனியா மாநிலம். உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காக நின்ற தென்மாநிலங்களின் தலைநகராக இருந்த ஊர். மக்கள்தொகையில் பாதி கறுப்பினத்தவர். 1983-க்கு முந்தைய ஐந்து வருஷத்தில் நகராட்சியின் கட்டுமான ஒப்பந்தத்தில் சிறுபான்மையினருக்குக் கிடைத்தது 0.67 விழுக்காடு. நூறு ரூபாயில் அறுபத்தேழு காசு. நகராட்சி ஒரு விதி போட்டது: ஒப்பந்தம் எடுக்கிறவர் 30 விழுக்காட்டைச் சிறுபான்மையினர் தொழிலுக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுக்க வேண்டும்.

இந்த விதியின் தலையெழுத்தை முடிவு செய்தது என்ன தெரியுமா? சிறைச்சாலைக் கழிப்பறை. நகரச் சிறையில் எவர்சில்வர் கழிப்பறைத் தொட்டிகள் மாட்டும் வேலை. டெண்டர் போட்டது ஒரே ஒரு கம்பெனி, 1,26,530 டாலருக்கு. 30 விழுக்காடு வரவேண்டுமென்றால் தொட்டிகளையே சிறுபான்மையினர் கடை ஒன்று வாங்கித் தர வேண்டும். ஓர் உள்ளூர்க் கடைக்காரர் முன்வந்தார். அவர் தொட்டி விற்பவர்களிடம் விலை கேட்டார். ஒருவர், ‘நான் அந்தக் கம்பெனிக்கே நேராக விலை கொடுத்துவிட்டேன், உனக்குத் தரமாட்டேன்’ என்று மறுத்தார். இன்னொருவர், ‘உன் கடன் தகுதியைச் சோதிக்க வேண்டும், குறைந்தது முப்பது நாள் ஆகும்’ என்றார். டெண்டர் திறக்கும் நாளில் அவரிடம் விலையே இல்லை. பிறகு ஒரு விலையைக் கொண்டுவந்தார். அது 6,183 டாலர் கூடுதல். ‘பாருங்கள், இவரிடம் வாங்கினால் விலை அதிகம்’ என்று ஒப்பந்ததாரர் விலக்குக் கேட்டார். நகராட்சி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

1989 ஜனவரியில் தீர்ப்பு. ஆறுக்கு மூன்று. நகராட்சியின் விதி செல்லாது. இனத்தை வைத்து அரசு எந்தச் சலுகை கொடுத்தாலும் அதை மிகக் கடுமையாகச் சோதிப்போம் என்றது நீதிமன்றம். பாதிப் பேர் கறுப்பினத்தவர் என்று மக்கள்தொகைக் கணக்குக் காட்டினால் போதாது. தகுதியுள்ள ஒப்பந்ததாரர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது என்று காட்டு என்றது. விதியின் பட்டியலில் எஸ்கிமோக்களும் அலூட் பழங்குடியினரும் இருந்தார்களாம். ரிச்மண்டில் ஓர் அலூட் ஆளாவது இருந்ததுண்டா என்ற கேள்வி தீர்ப்பிலேயே வருகிறது. நியாயமான கேள்விதான். பட்டியல் எழுதியவர்கள் எங்கிருந்தோ பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் என்னைப் போன்ற பர்ச்சேஸ்காரன் அந்த வழக்கைப் படித்தால் கண் நிற்கிற இடம் வேறு. தகுதியானவர்களை எண்ணிக் காட்டு என்கிறது நீதிமன்றம். அந்தக் கடைக்காரருக்குத் தொட்டி விற்பவன் விலையே சொல்லவில்லையே! விலை சொல்லப்படாதவன் எப்படித் தகுதியானவன் ஆவான்? அவன் விலை ஏன் 6,183 டாலர் கூடியது? கடன் கிடையாது, நேரடி விலை கிடையாது, முப்பது நாள் காத்திரு. அந்தக் கூடுதல் விலை அவனுடைய திறமைக் குறைவா, அவனைத் தெரியாதவர்கள் போட்ட வரியா? மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய மூவரில் தர்குட் மார்ஷல் ஒருவர். உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. அவருக்கு அந்த வரி புரிந்திருந்தது.

இங்கே நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. திருப்பூரும் சிவகாசியும் கரூரும் எப்படி வளர்ந்தன? உறவுக்காரன் நூலைக் கடனுக்குக் கொடுத்தான், ஊர்க்காரன் மெஷினைத் தவணைக்கு விட்டான், சம்பந்தி வீட்டார் ஆர்டரைப் பிரித்துக் கொடுத்தார்கள். நாம் பெருமைப்பட வேண்டிய வளர்ச்சிதான். ஆனால் உள்ளே இருப்பவனுக்கு ஏணியாக நிற்பதே வெளியே இருப்பவனுக்குச் சுவராக நிற்கும். புதிதாக ஒருவன் வந்தால் ‘எந்த ஊரு தம்பி? யாரு மகன்?’ என்று கேட்போம். கேட்பவருக்கு அது விசாரிப்பு. பதில் சொல்பவருக்குச் சில நேரம் அதுதான் நேர்காணல்.

அமெரிக்கத் திட்டத்தின் ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஓட்டை, முகமூடி. பென்சில்வேனியாவில் பாலங்களுக்கான உத்தரங்கள் செய்யும் ஒரு கம்பெனி, சிறுபான்மையினர் ஒருவரின் சான்றிதழ் பெற்ற நிறுவனத்தைப் பெயருக்கு முன்னால் நிறுத்தி 15 வருஷத்துக்கு மேல் வேலை எடுத்தது. 13 கோடி டாலரைத் தாண்டிய ஒப்பந்தங்கள். வேலை முழுக்கச் செய்தது பெரிய கம்பெனி. லாரி வேலையிடத்துக்குப் போகும்போது தன் பெயரின் மேல் சின்ன நிறுவனத்தின் பெயர் எழுதிய காந்தத் தகட்டை ஒட்டிக்கொள்ளும்! பிடிபட்டார்கள், சிறைக்குப் போனார்கள். இதற்கு நமக்கு விளக்கம் தேவையில்லை. ‘பினாமி’ என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது. (சிரிப்பு)

இரண்டாவது, யார் பின்தங்கியவர் என்பது. 1982-இல் அமெரிக்க அரசின் சிறுதொழில் துறை இந்திய வழியினரையும் சலுகைப் பட்டியலில் சேர்த்தது. நம்மவர்கள் மனுக் கொடுத்துப் பெற்றது அது. தோல் நிறத்துக்காக அவர்களும் அவமானப்பட்டிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நல்ல கல்லூரியில் படித்து விமானத்தில் போய் இறங்கிய பொறியாளரின் மென்பொருள் கம்பெனியும், அடிமையின் கொள்ளுப்பேரன் நடத்தும் குழாய்க் கடையும் ஒரே கட்டத்தில் டிக் செய்யப்பட்டால், வாங்குகிறவன் யாரைத் தேர்ந்தெடுப்பான்? எது சுலபமோ அதை. இலக்கு நிறைவேறும். நோக்கம் வெளியே நிற்கும்.

மூன்றாவது, கணக்கின் மயக்கம். 2001-இல், வருஷத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் இத்தகையவர்களிடம் வாங்கும் 11 பெருநிறுவனங்கள் சேர்ந்து ஒரு வட்டமேசை அமைத்தன. பெரிய தொகைதான். ஆனால் தொகையை மட்டும் எண்ணினால், ஏற்கெனவே வளர்ந்த ஒரே வெண்டருக்கு எல்லா ஆர்டரையும் கொடுத்துக் கணக்கை நிரப்பிவிடலாம். புதிதாக எத்தனை பேரிடம் விலை கேட்டோம் என்பதற்கு அந்த அறிக்கையில் பெரும்பாலும் இடம் இருக்காது.

இப்போது கதையின் கடைசிப் பகுதி. 2023 ஜூனில் கல்லூரிச் சேர்க்கையில் இனம் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, ஜூலையில், டென்னஸியில் ஒரு நீதிமன்றம், ‘இன்ன இனத்தவர் என்றாலே பின்தங்கியவர்’ என்று சிறுதொழில் துறை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றது. அட்லாண்டாவில், கறுப்பினப் பெண்கள் நடத்திய ஒரு முதலீட்டு நிதி, கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் மானியம் கொடுத்துவந்தது. அதன்மேல் வழக்கு. எந்தச் சட்டத்தின் கீழ்? 1866-ஆம் வருஷச் சட்டம். உள்நாட்டுப் போர் முடிந்த மறுவருஷம், விடுதலையான அடிமைகளுக்கும் வெள்ளையர்களைப் போலவே ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை உண்டு என்று எழுதிய சட்டம்! அடிமையின் பேத்திக்குக் கொடுக்கும் மானியத்தை நிறுத்த அது பயன்பட்டது. 2024 செப்டம்பரில் அந்த மானியத்தை மூடிவிட்டார்கள்.

2025 ஜனவரியில், பதவியேற்ற மறுநாள், அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அரசு ஒப்பந்ததாரர்கள் வேலைவாய்ப்பில் சமத்துவம் காட்ட வேண்டும் என்ற 1965-ஆம் வருஷ ஆணை ரத்தாயிற்று. தனியார் கம்பெனிகளும் இத்தகைய திட்டங்களைக் கைவிட வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருந்தது. பெருநிறுவனங்கள் பல தங்கள் அறிக்கைகளில் பெயர்களை மாற்றின, சில துறையையே மூடின. நிக்ஸனின் கட்சி நட்ட மரத்தை நிக்ஸனின் கட்சியே வெட்டுகிறது. மேனார்ட் ஜாக்சனின் விமான நிலையமும் தப்பவில்லை. இத்தகைய திட்டங்கள் இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் மானியம் என்று மைய அரசு சொன்னது. நகரம் முதலில் மறுத்தது. பணம் நின்றது. பிறகு நகரம் இறங்கி வந்தது.

நம் நாட்டில் என்ன நிலை? பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தியாவில் இது சட்ட பலத்தோடு இருக்கிறது. 2012-இல் மைய அரசு ஒரு கொள்முதல் ஆணை வெளியிட்டது. அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 20 விழுக்காடு குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும்; அதற்குள் 4 விழுக்காடு பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களிடம். 2018-இல் 20 என்பது 25 ஆயிற்று, பெண்களுக்கு 3 விழுக்காடு சேர்ந்தது. டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். குறைந்த விலை சொன்னவரைவிட 15 விழுக்காடு வரை உங்கள் விலை கூடியிருந்தால், அவர் விலைக்கு இறங்கி வந்து ஆர்டரில் ஒரு பகுதியை நீங்கள் எடுக்கலாம். ரிச்மண்ட் கடைக்காரருக்கு இந்த ஒரு வசதி இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

காகிதத்தில் அமெரிக்காவை விடவும் தெளிவான ஏற்பாடு. ஆனால் அந்த 4 விழுக்காடு? முதல் சில ஆண்டுகளில் 1 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. 2016-இல் அதற்கென்றே லூதியானாவில் தேசிய மையம் ஒன்றைப் பிரதமர் தொடங்கிவைக்க வேண்டியிருந்தது. காரணம் கேட்டால் ‘தகுதியான வெண்டர் கிடைக்கவில்லை சார்’ என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், ஆறு விண்ணப்பத்தைக் கீழ் இழுப்பறையில் வைத்துக்கொண்டு. தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் பெயரில் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023-இலிருந்து நடக்கிறது. 35 விழுக்காடு மூலதன மானியம், வட்டியில் 6 விழுக்காடு சலுகை. நல்ல திட்டம். மெஷின் வந்துவிடும். மெஷினுக்கு வேலை எங்கிருந்து வரும்? ஆர்டர் இல்லாத கடன், மானியம் போக மீதி கடன்தான். தனியார் துறையிலோ எல்லாம் விருப்பம். 2006-இல் ஜே.ஜே. இரானி தலைமையில் தொழில் கூட்டமைப்புகள் ஒரு குழு அமைத்துத் தாமாகவே செய்வதாக உறுதி சொல்லின. டாடா குழுமம் போன்ற சிலர் பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்குவதைத் தங்கள் திட்டத்தில் எழுதி வைத்தார்கள். மற்ற இடங்களில் அந்தப் பேச்சு ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில் படத்தோடு முடியும்.

இப்போது என் லேத்காரரிடம் திரும்புகிறேன்.

ஒரு நாள் எங்கள் நிரந்தர வெண்டர் அனுப்பிய புஷ் மூட்டையை ஸ்டோர்ஸில் பிரித்தார்கள். சாக்குக்குள் ஒரு டெலிவரி சலான் கிடந்தது. தவறுதலாக விழுந்தது. யார் பெயர் என்று பார்த்தால், வருஷா வருஷம் கேட்டுக்கு வருபவரின் பட்டறை! அதாவது, ‘அனுபவம் இல்லை’ என்று நான் ஒதுக்கிய ஆள் செய்த புஷ்தான் பல வருஷமாக எங்கள் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருவர் லெட்டர்பேடு மட்டும் வைத்திருந்தார். நாங்கள் கொடுத்த விலையில் பாதிதான் பட்டறைக்குப் போனது என்று பிறகு தெரிந்தது. நாங்கள் ஏமாந்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்தான் கேட்டில் நின்று வருஷத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருந்தாரே.

அவரைக் கூப்பிட்டு வெண்டர் ஆக்கினேன். முதல் ஆர்டர் போனது. நல்ல வேலை, சொன்ன தேதி. பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்கு ஒரு பெருமிதம். நாலு மாதம் கழித்து அடுத்த ஆர்டரைக் கொடுக்கக் கூப்பிட்டால், வேண்டாம் என்றார். நேரில் வரச் சொன்னேன். வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னார்:

“சார், உங்க பில்லு தொண்ணூறு நாள் கழிச்சுத்தான் பாஸ் ஆச்சு. பழைய பார்ட்டி பாதி ரேட்டுதான் தர்றாரு. ஆனா சனிக்கிழமை சாயங்காலம் காசு வந்துரும். எங்கிட்ட நாலு பசங்க வேலை செய்யறாங்க. அவங்களுக்குச் சனிக்கிழமைதானே சம்பளம்?”

2006-ஆம் வருஷச் சட்டப்படி சிறு தொழிலின் பில்லை 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி. அவருக்கு அது தெரியாமலில்லை. வாங்குகிறவன்மேல் வழக்குப் போட்டுவிட்டு அடுத்த ஆர்டருக்கு யாரிடம் போவது?

அன்று எனக்குப் புரிந்தது இதுதான். விழுக்காடு, சான்றிதழ், வட்டமேசை எல்லாம் கேட்டைத் திறக்கும். உள்ளே வந்தவரைத் தங்கவைப்பது அக்கவுண்ட்ஸ் செக்ஷன். இந்த அரங்கில் வாங்குகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். மாணவர்களில் சிலர் நாளை உட்காரப் போகிறீர்கள். கீழ் இழுப்பறையைத் திறந்து, கோடு போட்ட விண்ணப்பத்தில் ஒன்றை எடுத்து விலை கேளுங்கள். சரியாயிருந்தால் ஆர்டர் கொடுங்கள். கொடுத்தால், பில்லைக் கையோடு எடுத்துக்கொண்டு அக்கவுண்ட்ஸ் மேஜைக்கு நீங்களே நடந்து போங்கள்.

நான் நடந்தேன். கொஞ்சம் தாமதமாகத்தான். அவருடைய மூன்றாவது பில் இருபத்திரண்டாம் நாள் பாஸ் ஆயிற்று. அது ஒரு வெள்ளிக்கிழமை.